ஆறு நிற ஆப்பிள் கைக்கடிகாரம்: குன்னூரில் வாங்கிய ஒரு விளம்பரப் பரிசின் மதிப்பீடு

குன்னூர் பெட்ஃபோர்டு பகுதியில் பழைய பொருள்களை வாங்கி விற்கும் சிறிய கடை ஒன்றில் 4,500 ரூபாய்க்கு வாங்கிய கைக்கடிகாரத்தைப் பற்றிய மதிப்பீடு இது. வெள்ளை டயல், அதன் மையத்துக்குச் சற்று மேலே ஆப்பிள் கணினி நிறுவனத்தின் பழைய ஆறு நிறச் சின்னம், எண்களுக்குப் பதிலாக மெல்லிய கறுப்புக் கோடுகள், கறுப்பு முள்கள், வெள்ளி நிற முலாம் பூசிய கூடு, கறுப்புத் தோல் வார் ஆகியவற்றைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை. தேதிக் கட்டம் கிடையாது. இருட்டில் ஒளிரும் பூச்சும் கிடையாது. நேரம் பார்ப்பதற்கு மட்டும் ஒரு கடிகாரம் வேண்டும் என்பவர், இதற்கு இணையாக ஓடும் ஒன்றை ஊட்டி கமர்ஷியல் சாலையில் இதன் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு வாங்கிவிடலாம். எஞ்சிய தொகை முழுவதும் அந்தச் சின்னத்துக்காகத்தான் கைமாறுகிறது. எனவே இதை வாங்க நினைப்பவர் மெஷினைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பாக டயலைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் ஒரு தெளிவு. ஆப்பிள் நிறுவனம் 2015 ஏப்ரலில் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்னணுக் கைக்கடிகாரத்துக்கும் இதற்கும் நிறுவனத்தின் பெயரைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை. இணையச் சந்தைகளில் வெறுமனே ஆப்பிள் வாட்ச் என்று தேடினால் புதியவையும் அவற்றின் வார்களும் சார்ஜர்களுமே பக்கம் பக்கமாக வந்து நிற்கும். பழையதைத் தேடுவோர் குவார்ட்ஸ், ரெயின்போ லோகோ போன்ற சொற்களைச் சேர்த்துத் தேடினால்தான் ஏதாவது கண்ணில் படும்.

கணினித் துறைக்கும் கைக்கடிகாரத்துக்கும் உள்ள உறவு பழையது. இன்டெல் நிறுவனம் 1972இல் மைக்ரோமா என்ற கடிகார நிறுவனத்தை வாங்கி, சில ஆண்டுகள் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு அத்தொழிலை விட்டு வெளியேறியது. இன்டெலை உருவாக்கியவர்களுள் ஒருவரான கார்டன் மூர், அதன்பிறகும் தம் கையில் இருந்த மைக்ரோமாவை ஒன்றரைக் கோடி டாலர் கடிகாரம் என்று வேடிக்கையாகச் சொல்லிவந்தார். ஹியூலெட் பேக்கர்ட் 1977இல் எச்பி-01 என்ற பெயரில் கணக்கிடும் கருவியையும் கடிகாரத்தையும் ஒரே கூட்டுக்குள் அடக்கி விற்றது. இவையெல்லாம் கடையில் விலை வைத்து விற்கப்பட்ட பண்டங்கள். நான் வாங்கியது வேறு இனம். கணினி நிறுவனம் கடிகாரத் தயாரிப்பாளர் ஒருவரிடம் எண்ணிக்கை சொல்லி, தன் சின்னத்தை டயலில் அச்சிட்டு வாங்கி, ஊழியர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கும் கொடுத்துவிடுவது வழக்கம். பேனாவும் சாவிக்கொத்தும் போன வழியிலேயே இவையும் போயின. ஆப்பிளைப் பொறுத்தவரை, 1986இல் உடைகள், பைகள் முதலியவற்றைத் தன் சின்னத்தோடு ஒரு விலைப்பட்டியலாகவே வெளியிட்டது. 1995இல் சிஸ்டம் 7.5 இயங்குதளத்துக்கு மேம்படுத்திக்கொண்ட வாடிக்கையாளர்களுக்கு, கான்ஃப்ளிக்ட் கேட்சர் என்ற மென்பொருள் அல்லது ஒரு கைக்கடிகாரம், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று சலுகை அறிவித்தது. சேகரிப்பாளர்கள் அதிகம் பேசுவது அந்த 1995ஆம் ஆண்டுக் கடிகாரத்தைத்தான். என்னிடம் இருப்பது அதுவன்று. இது ஆண்டு பொறிக்கப்படாத, பெட்டியும் தாளும் இல்லாத, எளிய பரிசுக் கடிகாரம்.

ஆண்டு பொறிக்கப்படவில்லை என்றாலும் காலத்தைக் கணிக்கச் சின்னமே ஓரளவு உதவுகிறது. ராப் ஜானஃப் வடிவமைத்த இந்த ஆறு நிற ஆப்பிள் 1977இல் வழக்கத்துக்கு வந்தது. வண்ணத்தைத் திரையில் காட்டக்கூடிய ஆப்பிள் 2 கணினியோடு சேர்ந்து வந்ததால், நிறங்களுக்கு அன்று ஒரு பொருள் இருந்தது. 1998 முதல் நிறுவனம் ஒற்றை நிறச் சின்னத்துக்கு மாறத் தொடங்கியது. ஆக, உண்மையான ஆறு நிறக் கடிகாரம் பெரும்பாலும் இந்த இருபது ஆண்டுகளுக்குள்தான் அடங்கும். குவார்ட்ஸ் மெஷின்கள் விளம்பரப் பரிசாகக் கொடுக்கும் அளவுக்கு மலிந்தது 1980களில் என்பதால், இதன் வயதை 1980களின் நடுப்பகுதிக்கும் 1990களின் பிற்பகுதிக்கும் இடையில் வைக்கிறேன். கடைக்காரர் 1984 என்றார். அது மேக்கின்டாஷ் கணினி அறிமுகமான ஆண்டு. பழைய ஆப்பிள் பொருள் எதைக் காட்டினாலும் விற்பவர் வாயில் அந்த ஆண்டு வந்துவிடுவது இயல்பு. அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

இனி டயலுக்கு வருவோம். மேலிருந்து கீழாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம் என்பதே இச்சின்னத்தின் நிற வரிசை. வானவில்லின் வரிசை இதுவன்று; இலை பச்சையாக இருக்க வேண்டும் என்பதால் பச்சை தலைக்கு ஏறி, நீலம் அடிக்குப் போய்விட்டது. போலியாக டயல் அச்சிடுவோர் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். சிவப்பை மேலே வைத்து வானவில் முறையில் அடுக்கியிருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. இலை வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கடிபட்ட இடமும் வலப்பக்கமே. (உருவத்தைச் சிறிதாக்கும்போது செர்ரிப் பழம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தக் கடியை வைத்ததாக ஜானஃப் சொல்லியிருக்கிறார். கடிகார டயலில் கொத்தமல்லி விதை அளவுக்குச் சுருங்கிய பிறகும் ஆப்பிளாகவே தெரிவதைப் பார்த்தால் அவருடைய முன்யோசனை புரிகிறது.)

அடுத்த சோதனைக்குப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் வேண்டும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸே போதும். அக்காலத்துப் பரிசுக் கடிகாரங்களின் டயல்கள் பெரும்பாலும் பேட் பிரிண்டிங் முறையில் அச்சானவை. அதாவது, செதுக்கிய தகட்டில் மையை நிரப்பி, மிருதுவான சிலிக்கோன் திண்டினால் அந்த மையை ஒற்றியெடுத்து டயலின் மீது பதிப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு, தனி ஒற்று. அதனால் லென்ஸ் வழியாகப் பார்க்கையில் ஒவ்வொரு பட்டையும் ஒரே சீரான, கெட்டியான நிறமாகத் தெரியும். மை டயலின் மேற்பரப்பிலிருந்து மயிரிழை அளவு மேடாக நிற்பதைக்கூட வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் காணலாம். கணினி அச்சுப்பொறியில் எடுத்து ஒட்டிய டயலாக இருந்தால் ஆரஞ்சு நிறப் பட்டை மஞ்சளும் சிவப்பும் கலந்த புள்ளிக் கூட்டமாகச் சிதறித் தெரியும். என் கடிகாரத்தில் பட்டைகள் கெட்டியாகவே இருக்கின்றன. ஆனால் சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவே, இடக் கோடியில் தொடங்கிப் பாதி தூரம் வரை, வெள்ளை டயல் நூலிழையாக எட்டிப்பார்க்கிறது. தகடு ஒன்று ஒரு முடியளவு நகர்ந்ததால் வந்த பிசகு அது. கடைக்காரர் இதைக் குறையாகக் கருதி, நான் கேட்பதற்கு முன்பாகவே 300 ரூபாயைக் குறைத்துக்கொண்டார். எனக்கோ இந்தப் பிசகுதான் டயல் அசல் என்பதற்குக் கிடைத்த முதல் நம்பிக்கை. ஆறு முறை ஒற்றிய அச்சில் ஓரிடத்திலாவது இப்படி விலகாமல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நிறம் மங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்த டயலில் முதலில் வெளிறுவது மஞ்சளும் சிவப்புமே. மலையில் வெயில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும், இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியை விடக் கடுமையானது. சன்னல் ஓரக் கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்த பொருள்கள் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப்போவதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். இந்தக் கடிகாரம் ஏதோ மேசை இழுப்பறைக்குள் நெடுங்காலம் இருந்திருக்க வேண்டும். மஞ்சள் இன்னும் மஞ்சளாகவே இருக்கிறது. டயலின் வெண்மை மட்டும் ஓரங்களில் தந்த நிறத்துக்குத் திரும்பியிருக்கிறது. அது வயதின் அடையாளம், அதைத் துடைத்துச் சரிசெய்ய முயல்வது பெருந்தவறு. பழைய எச்.எம்.டி. கடிகாரங்களுக்குப் புதிதாக வண்ணம் பூசி, பளபளக்கும் டயலோடு இணையத்தில் விற்கிறார்களே, அதே கைவேலை இந்த வகைக் கடிகாரங்களிலும் நுழைந்துவிட்டது. மிகப் பளிச்சென்று இருக்கும் டயலைக் கண்டால் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பது நல்லது.

டயலின் அடியில், ஆறு மணிக் கோட்டுக்கு இருபுறமும், ஜப்பான் மூவ்ட் என்ற பொடி எழுத்துகள் உள்ளன. மெஷின் ஜப்பானியத் தயாரிப்பு என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கடிகாரம் கூட்டிணைக்கப்பட்ட இடம் வேறாகவும் இருக்கலாம். பின்மூடி துருப்பிடிக்காத எஃகு. கூடு பித்தளையின் மேல் முலாம். வார் கோக்கும் காதுகளின் உட்புறத்தில், வியர்வை தேங்கும் மூலையில், முலாம் தேய்ந்து பித்தளையின் மஞ்சள் தெரிகிறது. பரிசாகக் கொடுக்கும் கடிகாரத்தின் கூட்டுக்கு இதுவே பொது விதி என்பதால் இதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாமே தவிர, வாங்காமல் விட வேண்டியதில்லை. மீண்டும் முலாம் பூச வேண்டாம். கூட்டின் எழுத்தும் விளிம்பும் மழுங்கிப்போகும். கண்ணாடியில் இரண்டு கீறல்கள் இருக்கின்றன, எதிர்ப்பார்வைக்குத் தெரிவதில்லை.

மெஷினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை என்றாலும், மலையில் வசிப்பவர்களுக்கு ஒரு சுவையான செய்தி அதில் இருக்கிறது. குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இசைக்கவை வடிவில் வெட்டிய ஒரு பளிங்குத் துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்சுற்று அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கி, விநாடிக்கு ஒரு துடிப்பாக முள்ளுக்குக் கொடுக்கிறது. இந்தப் பளிங்கு ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸில் சரியாக அதிரும்படி வெட்டப்படுவது. அதற்கு மேல் போனாலும் கீழே போனாலும் அதிர்வு குறையும். விலகல் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். கையில் கட்டியிருக்கும்வரை உடல் சூடு அதைக் காப்பாற்றிவிடுகிறது. உறைபனிக் காலத்து ஊட்டியில், ஐந்து டிகிரி குளிரில் மேசைமேல் கழற்றி வைத்துவிட்டால், நாளொன்றுக்கு ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கும். ஜனவரியில் நான் இதைச் சரிபார்த்தேன். இரவில் கழற்றி வைத்த வாரத்தில் கைபேசியின் நேரத்தோடு ஒப்பிடுகையில் விலகல் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தது, படுக்கும்போதும் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் அவ்வாறு இல்லை. மாதத்துக்குப் பதினைந்து இருபது நொடி முன்பின்னாக ஓடுவது சாதாரணக் குவார்ட்ஸுக்கு ஏற்கத்தக்க அளவு என்பதால் இதைக் குறை என்று சொல்லமாட்டேன்.

உண்மையான தொல்லை ஈரம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் குன்னூரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அலமாரிக்குள் இருக்கும் காலணியில்கூடப் பூஞ்சை படர்கிறது. தோல் வாருக்கு விதிவிலக்கு ஏது? கடிகாரத்தோடு வந்த வாரின் உட்புறம் ஏற்கெனவே வெடித்துக் கறுத்திருந்ததால் அதைக் கழற்றி ஓர் உறையில் போட்டு வைத்துவிட்டு, 18 மில்லிமீட்டர் அகலத்தில் நைலான் வார் ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். பழைய வாரைத் தூக்கி எறியக் கூடாது. அதன் பக்கிளிலும் சின்னம் இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. என்னுடையதில் இல்லை. வாரை விடக் கவலைக்குரியது கண்ணாடிக்கு உட்புறம் படியும் பனி. பின்மூடிக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையம் இத்தனை ஆண்டுகளில் காய்ந்து சுருங்கியிருக்கும். ஈரக்காற்று உள்ளே போய்விடும். வெந்நீரில் கை கழுவிவிட்டு மூடுபனிக்குள் வெளியே வந்தால் குளிர்ந்த கண்ணாடியின் அடியில் நீராவி படிந்து சின்னம் மங்கலாகிறது. ஒரு மணி நேரத்தில் தானே தெளிந்துவிடும் என்றாலும், திரும்பத் திரும்ப இவ்வாறு நடந்தால் டயலின் மையும் முள்களும் கெடும். புதிய வளையம் போடுவதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் இல்லை. மழைக்காலத்தில் நான் இதைக் கட்டுவதில்லை; சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைத்துவிடுகிறேன்.

செல் மாற்றும் விஷயத்திலும் கவனம் வேண்டும். கடையில் வாங்கியபோது கடிகாரம் ஓடவில்லை. பின்மூடியைத் திறந்து பார்த்ததில், முன்பு யாரோ விலை மலிவான அல்கலைன் செல்லைப் போட்டு அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். அதிலிருந்து கசிந்த உப்பு வெள்ளைப் பொருக்காகத் தொடுமுனையில் படிந்திருந்தது. 1.55 வோல்ட் தரும் சில்வர் ஆக்சைடு செல்தான் இதற்கு உரியது. அதன் மின்னழுத்தம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும்; கசியும் வாய்ப்பும் குறைவு. 377 என்ற எண்ணில் கிடைக்கும் செல் என் கடிகாரத்துக்குப் பொருந்தியது. ஓடாத கடிகாரத்தில் செல்லை விட்டுவைப்பதுதான் இத்தகைய பழைய கடிகாரங்களைக் கெடுக்கும் முதல் காரணம் என்பதால், இழுப்பறையில் இப்படி ஒன்று உறங்குகிறதென்றால் இன்றே செல்லை எடுத்துவிடுங்கள்.

பொருக்கைத் துடைத்து எடுத்த பழுதுபார்ப்பவர் ஊட்டிச் சந்தைக்கு அருகில் பல ஆண்டுகளாக அமர்ந்திருப்பவர். வேலை சுத்தம், ஆனால் அவருக்கு இந்தக் கடிகாரத்தின்மீது மரியாதை வரவில்லை. "மெஷினையே புதுசா மாத்திடலாம் சார், டயலையும் சேர்த்து மாத்திக் கொடுத்துடறேன், பார்க்க ஷோரூம் பீஸ் மாதிரி இருக்கும்" என்றார். "அண்ணா, டயலைத் தொட வேண்டாம், தொட்டா இதோட விலை போயிடும்" என்று நான் சொன்னதும் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, டயலின் மேல் ஒரு காகிதத் துண்டை வைத்துக்கொண்டே முள்களைக் கழற்றினார். மெஷின் பழுதானால் மாற்றுவதில் தவறில்லை. அளவு பொருந்தும் ஜப்பானிய மெஷின் எளிதில் கிடைக்கும். ஆனால் மாற்றும்போது டயலின் அடியிலுள்ள இரண்டு சிறு கால்கள் புதிய மெஷினின் துளைகளில் அமர்கின்றனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அமராவிட்டால் சிலர் கால்களை வெட்டிவிட்டுப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அதன்பிறகு அதை அசல் டயல் என்று எந்தச் சேகரிப்பாளரும் முழு விலைக்கு எடுக்கமாட்டார்.

விற்ற கடையைப் பற்றி: மேல் குன்னூர் பக்கம் ஒரு பங்களாவைக் காலிசெய்தபோது மொத்தமாக வந்த சாமான்களில் இது இருந்ததாகக் கடைக்காரர் சொன்னார். வேறு ஊர்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இங்கே குடியேறியவர்கள் ஏராளம் என்பதால் அதை நம்புவதில் சிரமம் இல்லை. ஊட்டி இந்து நகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் பிலிம் பெட்டிகள், பித்தளைத் தராசு, தேயிலை மாதிரி டப்பா ஆகியவற்றுக்கு நடுவில் இந்தக் கடிகாரம் கிடந்தது. ரசீது கேட்டதற்குக் கையால் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்றும் அதில் குறித்தார். இணையத்தில் முகம் தெரியாத விற்பனையாளரிடம் மங்கலான படத்தைப் பார்த்து வாங்குவதை விட, லென்ஸை வைத்துப் பார்க்க விடும் இதுபோன்ற கடை எவ்வளவோ மேல்.

விலை நியாயமா? எனக்கு நியாயமாகப் பட்டது. ஆனால் அது என் ஆசையைச் சேர்த்துச் சொல்வது. முலாம் தேய்வு, பெட்டி இல்லாமை, ஓடாத நிலை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தால் 3,500 ரூபாயில் முடித்திருக்கலாம் என்று கடுமையான சேகரிப்பாளர் சொல்லக்கூடும். பெட்டியும் சிறு விளக்கத்தாளும் இருந்து, எந்த நிகழ்ச்சியில் கொடுத்தது என்பது தெரிந்திருந்தால் இதைப் போல் இரு மடங்குகூடக் கொடுக்கலாம். நிறுவனச் சின்னம் பதித்த கடிகாரங்களைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு என் யோசனை வேறு. 1961இல் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெங்களூரில் உற்பத்தியைத் தொடங்கிய எச்.எம்.டி.யும், ஓசூரில் தொழிற்சாலை அமைத்த டைட்டனும் நம் ஊர் நிறுவனங்களுக்காகச் சின்னம் பதித்துக் கொடுத்த கடிகாரங்கள் இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எச்.எம்.டி.யில் சாவி கொடுத்து ஓடும் மெஷின் கிடைக்கும். அது கடிகாரமாகவும் மதிப்புள்ளது. டயலைப் பார்க்கக் கண் பழகிய பிறகு ஆப்பிளுக்கு வரலாம். கணினித் துறையில் இருப்பவர்களும், மேக்கின்டாஷில் தமிழ் அச்சுக்கோத்த தலைமுறையினரும் இந்த யோசனையைக் கேட்கமாட்டார்கள் என்பது தெரியும். அவர்கள் நேரே இதையே வாங்கட்டும்.

அதே கடையில் இதன் இணை போலத் தோன்றும் இன்னொன்றும் இருக்கிறது. கூடு புதுக்கருக்கு அழியாமல் இருப்பதால் அதற்கு 6,000 ரூபாய் சொல்கிறார். ஆனால் அதன் மஞ்சள் பட்டை ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது, வினாடி முள்ளும் பின்னால் மாற்றப்பட்டது. கூட்டைப் பார்த்து மயங்காமல், 1,500 ரூபாய்க்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள்.